செயலாளர் சொன்ன பதில்

நான் இதை நேரில் பார்க்கவில்லை. என் அறைத்தோழி சொல்லிக் கேட்டதுதான்.

மதுரையில் ஒரு பெண்கள் விடுதி. வாசல் காவலுக்கு முத்துப்பேச்சி அக்கா. வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை மறுத்துவிட்டு வந்த சுகிர்தா அங்கே தங்கியிருந்தாள். அவளைத் தேடி அரிவாளோடு வந்த அண்ணனிடம், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் விஷயம் தெரிந்து விடுதியின் செயலாளர் வைகுண்டநாதன் வாசலுக்கே வந்து கத்தினார்.

"பொய் சொன்னா இங்க வேலை கிடையாது. பலனைப் பார்க்கறவன் வியாபாரி. கடமைக்கு விதிவிலக்கே இல்ல!"

"தங்கின பொண்ணைக் காப்பாத்தறதும் கடமைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ரெண்டும் மோதிக்கிட்டா எதை விடறது?"

"எதையும் விடக்கூடாது. உண்மையைச் சொல்லியே காப்பாத்தணும்."

"எப்படி சார்?"

"அது உன் சாமர்த்தியம்."

அந்நேரம் பார்த்து அண்ணன் மறுபடி வந்து நின்றான். "என் தங்கச்சி எங்க?"

செயலாளர் வாசலில் இருந்தால் வந்தவர்களுக்கு அவர் மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்பது அந்த விடுதியின் வழக்கம். அக்கா மரியாதையாக விலகி நின்றார். "சாரே இருக்காங்க, கேளுங்க."

செயலாளர் அரிவாளைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இங்க இல்லப்பா" என்றார்.

அவன் போனதும் அக்கா மெல்லக் கேட்டார்: "அப்போ நம்ம ரெண்டு பேருக்குமே வேலை போச்சா சார்?"

யாருக்கும் வேலை போகவில்லை.

எழுதுவதற்கு முன் சுகிர்தாவையே பார்த்துக் கேட்டேன். நடந்தது உண்மைதான் என்றாள், ஒரு திருத்தத்தோடு: செயலாளர் "இல்லை" என்பதோடு நிற்கவில்லை, அவளைத் தானே திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாக அண்ணனிடம் இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கிறார்.