தாடிக்கு ஒரு சீப்பு

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சிஷ்யருக்கு நாற்பத்தாறு.

குருவின் பெயர் மெர்லின். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பவள். சிஷ்யர் சுடலைக்கண்ணு, வண்ணார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கழுத்தை மறைக்கிற தாடியோடு அவர் படியேறி வந்தபோது, யாரோ சாமியார் நன்கொடைக்கு வந்திருக்கிறார் என்றுதான் மெர்லின் நினைத்தாள்.

"டீச்சர், எனக்கு முழு பாஷையெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு சொல்லு போதும்."

"என்ன சொல்லு அண்ணாச்சி?"

"தலையை வாரிக்கோ. அம்புட்டுதான்."

உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவருக்கு ஒரே தங்கை, இசக்கி. ஸ்பானிஷ் பேசுகிற வலென்சியாவுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே தியேகோ என்பவனைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை, வள்ளி. ஏழு வயது. போன சித்திரையில் இசக்கி காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். போவதற்கு முன்னால் மகளுக்கு ஒற்றைப் பின்னல் போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

அந்தப் பின்னலை வள்ளி யாரையும் தொட விடவில்லை. மாதங்கள் ஓடிவிட்டன. பின்னல் இப்போது பின்னலாக இல்லை, கயிறாகத் திரிந்து கிடந்தது. அப்பன் சீப்போடு பக்கத்தில் போனால் கத்திக் கூப்பாடு போட்டாள். தமிழில் பேசினால் காதைப் பொத்திக்கொண்டாள். அம்மாவிடம் மட்டும் பேசிய பாஷை அது.

"போன்ல தேடி அந்தச் சொல்லைக் கண்டுபிடிச்சேன் டீச்சர். பெய்னாதே. வீடியோவில சொன்னேன். பிள்ளை எந்திரிச்சு ஓடிட்டா. நான் தப்பாச் சொல்லியிருப்பேன். நீங்க சரியாச் சொல்லிக்குடுங்க."

"எப்படிச் சொன்னீங்க, சொல்லுங்க பாப்போம்."

சொன்னார். ஜன்னல் கம்பியில் இருந்த காக்கா பறந்துபோனது. மோட்டார் இரைச்சலுக்கு மேலே பேசியே பழகிய தொண்டை, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

மெர்லின் சிரிக்கவில்லை.

"அந்தச் சொல்லு கடைசியில வரும் அண்ணாச்சி. முதல்ல 'நான்'ல இருந்து ஆரம்பிப்போம்."

"எனக்கு 'நான்' எதுக்கு டீச்சர்? பிள்ளைக்கில்லா சொல்லணும்?"

"மே பெய்னோ. நான் தலை வாரிக்கிறேன். சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் சொன்னார்.

மறுநாளிலிருந்து பட்டறையை மூடியதும் வந்துவிடுவார். இரும்புத்தூள் மணக்கிற கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். மே பெய்னோ, நான் வாரிக்கொள்கிறேன். தே பெய்னாஸ், நீ வாரிக்கொள்கிறாய். சே பெய்னா, அவள் வாரிக்கொள்கிறாள். இதுவரைக்கும் தண்ணீர் பட்ட பாடு. 'நாம்' வந்ததும் வண்டி நின்றுவிடும்.

"நோஸ்... நோஸ்..."

"பெய்னாமோஸ். நாம வாரிக்கிறோம்."

"இது மட்டும் ஏன் டீச்சர் வாயில நிக்க மாட்டேங்குது?"

மெர்லின் கொண்டையை அவிழ்த்தாள், மேஜை மேல் இருந்த சீப்பை எடுத்தாள். "மே பெய்னோ" என்று சொல்லிக்கொண்டே நிதானமாக வாரி, மறுபடி முடிந்துகொண்டாள். சீப்பை அவரிடம் நீட்டினாள்.

"சொன்னது போதும் அண்ணாச்சி. செய்ங்க."

சுடலைக்கண்ணுவுக்குத் தலையில் முடி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காதோரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சீப்பை வாங்கிக் காற்றில் இழுத்துக் காட்டினார்.

"காத்தை வாராதீங்க."

"பின்ன எதை வார?"

மெர்லின் அவருடைய தாடியைப் பார்த்தாள்.

அவர் முகம் மாறியது.

"இது தங்கச்சி போன அன்னைக்கு விட்டது. இதுல கத்தியும் படாது, சீப்பும் படாது. வீட்டுக்காரி சொல்லிப் பாத்தா, கேக்கலை. நீங்களும் இதை விட்டுருங்க."

"சரி அண்ணாச்சி."

"அவ போனதுக்கு அழக்கூட எனக்கு நேரம் கிடைக்கலை டீச்சர். முகத்தைக் கூடப் பாக்கலை. இது ஒண்ணுதான் அவளுக்குன்னு நான் வச்சிருக்கேன்."

"சரி அண்ணாச்சி. சீப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோபமாகத்தான் இறங்கிப் போனார். இரண்டு நாள் வரவில்லை. இந்தச் சின்னப் பெண்ணுக்குப் பாஷையைத் தவிர என்ன தெரியும் என்று பட்டறையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"டீச்சர், தியேகோ சொல்லிட்டான். நாளைக்குப் பிள்ளையை முடிவெட்டுற கடைக்குக் கூட்டிட்டுப் போறானாம். ஒட்ட வெட்டப் போறாங்களாம். இனிமே வேற வழியில்லைன்னுட்டான்."

"வள்ளிக்குத் தெரியுமா?"

"தெரியும். காலையில இருந்து சாப்பிடலையாம். இசக்கி போட்ட பின்னல் டீச்சர் அது. பிடிச்சு உக்கார வச்சு வெட்டினா, அந்தப் பிள்ளை பிறகு யாரையாவது நம்புமா? இப்பவாது அந்தச் சொல்லைச் சொல்லிக்குடுங்க. இப்பக் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க" என்றாள் மெர்லின். நாற்காலியை நகர்த்தி, போனில் தெரியாத பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப அந்தச் சொல்லு?"

"நீங்க கூப்பிடுங்க அண்ணாச்சி."

அங்கே மத்தியானம். தியேகோ போனை மேஜை மேல் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கிப் போனான். வள்ளி பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். சட்டையோடு சேர்ந்த தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள். மூக்கு மட்டும்தான் தெரிந்தது. இசக்கியின் மூக்கு.

என்ன செய்வதென்று தெரியாமல் சுடலைக்கண்ணுவின் கை சட்டைப் பைக்குப் போனது. சீப்பு தட்டுப்பட்டது.

எடுத்து அதைப் பார்த்தார். பிறகு தாடியில் வைத்தார்.

"மே பெய்னோ" என்றார். அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அவருக்கே தெரியாது.

இழுத்தார். சீப்பு இரண்டு விரற்கடை நகர்ந்து, சிக்கில் மாட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். "ஆ!" என்று கத்திவிட்டார். தாடிக்குள்ளிருந்து லேத்தில் சீவிய இரும்புச் சுருள் ஒன்று மேஜையில் விழுந்து உருண்டது.

தொப்பி லேசாகத் திரும்பியது.

"தே துவேலே?" என்று கேட்டது ஒரு சின்னக் குரல்.

அவர் மெர்லினைப் பார்த்தார்.

"வலிக்குதான்னு கேக்கா" என்றாள் அவள் மெதுவாக.

சுடலைக்கண்ணுவின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அவரிடம் இதை யாரும் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

"சீ" என்றார். ஆமாம் என்பதற்கு அந்த ஒரு சொல் தெரிந்திருந்தது. "சீ, வள்ளி. சீ."

மறுபடி சீப்பை வைத்தார். இந்தத் தடவை நுனியிலிருந்து ஆரம்பித்தார்.

வள்ளி எழுந்து போய்விட்டாள்.

வெறும் நாற்காலி தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. மே பெய்னோ, மே பெய்னோ என்று சொல்லிக்கொண்டே, யாருமில்லாத திரைக்கு முன்னால் தாடியை வாரிக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்தாள். கையில் சீப்பு. தொப்பியைப் பின்னால் தள்ளினாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, நுனியில் இருந்த சிவப்பு ரப்பர் பேண்டை மெதுவாக உருவினாள். அம்மா போட்டுவிட்ட பேண்ட். அதைத் தூக்கி எறியவில்லை. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

"மே பெய்னோ" என்றாள்.

இங்கே தாடி, அங்கே பின்னல். இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வாரினார்கள்.

"நோஸ் பெய்னாமோஸ்" என்றார் சுடலைக்கண்ணு. தடங்கல் இல்லாமல் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

சந்தோஷத்தில் கை வேகமாகிவிட்டது. சீப்பு மறுபடி மாட்டி, மறுபடி "ஆ!" என்றார்.

வள்ளி சிரித்துவிட்டாள். பிறகு, அம்மா தனக்குத் தலை வாரும்போதெல்லாம் தான் சொல்லிவந்த அதே சொற்களை, அதே தமிழில் சொன்னாள்.

"மெல்ல. மெல்ல வாரு மாமா."

அதற்கு மேல் அவரால் வார முடியவில்லை. தாடியில் சீப்பு தொங்க, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தங்கை போன அன்று அழாத அழுகையை அழுதார். வள்ளி போனுக்குப் பக்கத்தில் வந்து, அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பின்னாலிருந்து தியேகோ ஏதோ சொன்னான். அவன் குரலும் சரியாக இல்லை.

"நாளைக்குக் கடைக்குப் போகலையாம்" என்றாள் மெர்லின்.

போனை வைத்த பிறகு சுடலைக்கண்ணு சீப்பைத் தாடியிலிருந்து விடுவித்து, அதில் சுற்றியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்தார். இரும்புச் சுருளைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரைக்கும் போனவர் திரும்பினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"அந்தச் சொல்லை எப்படிச் சரியாச் சொல்லணும்னு கடைசிவரைக்கும் நீங்க சொல்லித்தரவே இல்லையே."

மெர்லின் யோசிப்பதுபோல மோட்டுவளையைப் பார்த்தாள்.

"எனக்கு அது மறந்துபோச்சு அண்ணாச்சி."