மூன்று பாகம் தண்ணீர்

விடிந்து வெகுநேரமாகியும் சூரியனைக் காணோம். பாய்மரத்தின் பாதியைப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது. ஓடு ஏற்றிய தோணியை நீரோட்டம் தன் போக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கோ பாறையில் அலை உடைகிற சத்தம். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

முன்புறம் ஈயக்குண்டு கட்டிய கயிற்றோடு கஸ்பார் நின்றிருந்தார். வயது ஐம்பது. கரையில் பாய் தைத்துக்கொண்டிருந்தவர். மூன்று வருடம் முன்பு இதே பாறைகளில் அவர் தம்பி போன தோணி உடைந்தது. அதன்பிறகு, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான, இந்தத் தோணியை நடத்தும் தண்டல் தொம்மையிடம் கடல் படிக்க வந்து சேர்ந்தார்.

குண்டு தரையைத் தொட்டது. நனைந்த கயிற்றை மேலே இழுத்து, கைகளை விரித்து எண்ணினார். ஒரு கை விரல்நுனியிலிருந்து மறு கை விரல்நுனிவரை, நெஞ்சோடு சேர்த்து, ஒரு பாகம்.

"மூணு பாகம்."

அடுத்தடுத்த தடவைகளிலும் அதேதான், "மூணு பாகம்."

"அண்ணாச்சி, இதோட நாலு தடவை சொல்லியாச்சு," என்றான் சுக்கான் பிடித்திருந்த லூர்து. "கடலுக்கே மனப்பாடம் ஆயிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. தண்டல் கஸ்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நங்கூரத்தைப் போடுங்க," என்றார்.

சங்கிலி கடகடவென்று இறங்கியது. தோணி முகம் திரும்பி நின்றது. கஸ்பாரின் முகம் சுருங்கிப்போனது.

"நம்ம தோணிக்கு ஒண்ணேமுக்கால் பாகம் தண்ணி போதும். மூணு இருக்குன்னு சொல்றேன். நம்பிக்கை இல்லையா, தண்டல்?"

"அந்தக் கயிறு மொத்தம் எத்தனை பாகம், அண்ணாச்சி?"

"பத்து. கரையில நான்தானே அளந்து வெட்டினேன்."

"இப்போ ஒருக்க அளங்க."

கஸ்பார் முனையிலிருந்து தொடங்கினார். ஏழு, எட்டு, ஒன்பது. பத்து வந்தது. கயிறு முடியவில்லை. காலடியில் இன்னும் சுருண்டு கிடந்தது. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். பதினைந்தில் கயிறு தீர்ந்தது.

அலைச் சத்தம் இன்னும் கிட்டத்தில் கேட்பதுபோல் இருந்தது.

"அப்போ நான் மூணுன்னு சொன்னது..."

"ரெண்டு," என்றார் தண்டல். "பத்தைத்தானே பதினஞ்சா எண்ணினீங்க."

கஸ்பார் தன் கைகளைப் பார்த்தார். எட்டு உயிர்கள் அந்தத் தோணியில் இருந்தன.

"கயிறு வளரலையே, தண்டல்."

"உங்க முழங்கை விலாவை விட்டு அகலவே இல்ல. குளிர்ல நிக்கிறவர் மாதிரி ஒடுக்கி ஒடுக்கி அளந்தீங்க."

கஸ்பார் கயிற்றைச் சுருட்டி நீட்டினார்.

"இந்த வேலைக்கு நான் ஆகமாட்டேன். பயம் இல்லாத ஆள் கையில கொடுங்க. நீங்களே அளங்க. உங்களுக்கு எதுக்குப் பயம்?"

தண்டல் கயிற்றை வாங்கிக்கொண்டார். அவருடைய முழங்கையும் விலாவோடு ஒட்டியிருப்பதைக் கஸ்பார் அப்போதுதான் கண்டார்.

"அளக்கிறேன், அண்ணாச்சி," என்றார் தொம்மை. "என் முழங்கை எனக்குத் தெரியாது. நீங்க எதிர்ல நின்னு பாத்துச் சொல்லுங்க."