பாயசம் பரிமாறிய பொறி

முன்னொரு காலத்தில் குருந்தவனம் என்ற நாட்டைப் பரிமேகர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் புதிதாக எதையாவது கண்டுவிட்டால் தலைகால் புரியாது அவருக்கு.

அந்த ஊரில் முத்தாசாரி என்று ஒரு கம்மாளர். கைக்காரர் என்றால் அப்படியொரு கைக்காரர்! அவர் கோட்டைப் பாலத்துக்கு ஒரு விற்பொறி செய்தார். பாலத்துப் பலகையில் காலடி பட்டால் போதும், சுவரிலிருந்து நாற்பது அம்பு பாயும். அகழித் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, வில் தானே மறுபடி நாணேறிக்கொள்ளும். ஓரத்தில் ஓர் இரும்புத் தாழ். மாலையில் தாழை எடுத்தால் பொறி விழிக்கும், காலையில் போட்டால் தூங்கும்.

ராஜா கைகொட்டிக் குதித்தார். சேனாபதி வச்சிரநாதன் அதற்கும் ஒருபடி மேலே போனான். அமைச்சர் குழந்தைவேலரை விட ராஜாவிடம் நல்ல பேர் வாங்க வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் அரிப்பு.

"மன்னா, அந்தத் தாழ் எதற்கு? எதிரி அதைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டால்? பிடுங்கி எறியச் சொல்லுங்கள். இராப்பகலாகப் பொறி விழித்திருக்கட்டும். காவலர் முந்நூறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்."

முத்தாசாரி பதறிப்போனார். "தாழ் இல்லாமல் வேண்டாம் சாமி. செய்த எனக்கே அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது."

"காலையில் கீரைக்காரிகள் அந்தப் பாலத்தில்தானே வருவார்கள்?" என்று கேட்டார் குழந்தைவேலர்.

"வடக்கு வாசலைச் சுற்றி வரட்டும்."

"வழி தெரியாத வெளியூர்க்காரன்?"

"ஒருவனுக்குப் பட்டால் மற்றவன் தெரிந்துகொள்வான்" என்றான் வச்சிரநாதன், கொஞ்சமும் கூசாமல்.

ராஜா தாடியைத் தடவினார். "சேனாபதி சொல்வதுதான் சரி. பௌர்ணமியன்று பொறியைப் பூட்டுவோம். தாழ் வேண்டாம்."

அமைச்சர் வாதாடவில்லை. "அதற்கு முன்னால் ஒருநாள் என் வீட்டில் விருந்துண்ண வேண்டும், மன்னா. அதன் பிறகும் தங்கள் மனம் மாறாவிட்டால், என் முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சேனாபதியிடமே கொடுத்துவிடுகிறேன்" என்றார். வச்சிரநாதனுக்கு அப்போதே விரல் ஊறியது.

விருந்தன்று ராஜா தலைவாழை இலைமுன் உட்கார்ந்தார். இலைக்கு அடியில் ஒரு மெல்லிய பலகை. பக்கத்தில் மரக்கால், மரக்கை, பெரிய கரண்டியோடு ஒரு பொறி, அதன் முதுகில் ஓர் அண்டா.

"பாயசம் பரிமாற முத்தாசாரி செய்தது" என்றார் அமைச்சர்.

ராஜா இலையில் விரல் வைத்ததும் கரண்டி வளைந்து வந்து பாயசம் ஊற்றியது. வழித்துச் சாப்பிட்டு மறுபடி விரல் வைத்தார். மறுபடி வந்தது. "அடடா! கேட்காமலே பரிமாறுகிறதே!" என்று பூரித்துப் போனார். ஏழாவது கரண்டியில் வயிறு முட்டிவிட்டது.

நம் வழக்கப்படி, "போதும்" என்று சொல்லி இலையின்மேல் கையைக் குறுக்கே வைத்தார். பொறிக்குப் பலகை அழுந்தியது மட்டும்தான் தெரியும். கையின்மேலேயே ஊற்றியது. "போதும் என்கிறேனே!" என்று இரண்டு கையாலும் மறைத்தார். இரண்டு கரண்டி வந்தது. கையை எடுத்தாலோ, இலையில் குளமாய்த் தேங்கிய பாயசத்தின் பாரமே பலகையை அழுத்தியது. முழங்கை, மடி, பட்டு வேட்டி எல்லாம் பாயசம். ராஜா எழுந்தால் பந்தி முழுவதும் பாதிச் சாப்பாட்டில் எழ வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் பாவம். மீசையில் முந்திரி ஒட்டியதும் பொறுமை போயிற்று.

"வச்சிரநாதா, நிறுத்து இதை!"

வச்சிரநாதன் ஓடிப்போய்ப் பொறியைச் சுற்றிச் சுற்றித் தடவினான். "தாழ் எங்கே? இதன் தாழ் எங்கே?"

"எடுத்துவிட்டோம் சேனாபதி," என்றார் குழந்தைவேலர் சாவதானமாக. "எதிரி கண்டுபிடித்துவிட்டால்?"

ராஜா சொட்டச் சொட்ட எழுந்தார். "மன்னரை அவமதித்தவரைச் சிறையில் தள்ளுங்கள்!" என்று கத்தினான் வச்சிரநாதன். அமைச்சர் ராஜாவின் முன் கைகூப்பினார்.

"மன்னா, தாங்கள் எழுந்துகொண்டீர்கள். பாலத்தில் அம்பு பட்டவள் எழ மாட்டாள். அவளைத் தூக்க ஓடி வருகிறவனும் அதே பலகையில்தான் கால் வைப்பான். முத்தாசாரியின் கையைக் கும்பிடுகிறேன், இந்த உலகத்தில் அப்படியொரு வேலைப்பாடு கிடையாது. ஆனால் போதும் என்றால் அதற்குப் புரியாது. புரிந்த மனிதன் ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவன் கைக்கு ஒரு தாழும் இருக்க வேண்டும்."

 ராஜா மீசை முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சேனாபதி, பௌர்ணமியன்று தாழில்லாமலே பூட்டுவோம்," என்றார். "முதலில் பாலத்தில் நடந்து காட்டுவது நீர்தான்."

வச்சிரநாதனுக்கு முகம் வெளுத்தது. தொப்பென்று காலில் விழுந்தான். "மன்னா, தாழ்! தாழ் போடச் சொல்லுங்கள்! ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொல்லுங்கள்!"

பந்தியே சிரித்தது. காவலர் முந்நூறு பேரும் வேலையிலேயே இருந்தார்கள். அமைச்சரின் மோதிரம் அவர் விரலிலேயே இருந்தது, முத்தாசாரிக்குப் பொற்கங்கணம் கிடைத்தது. அன்றைக்கே ஓர் ஆணையும் பிறந்தது: புதுப்பொறி கொண்டுவருகிறவர் அது எப்படி ஓடும் என்று காட்டுவதற்கு முன்னால், எப்படி நிற்கும் என்று காட்ட வேண்டும். அதைப் புகழ்கிறவர் முதலில் அதன் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகு சபையில் வச்சிரநாதன் எந்தப் பொறியையும் புகழ்ந்து பேசியதில்லை. பௌர்ணமியன்று பொறியைத் தாழோடே பூட்டினார்கள். மறுநாள் விடியலில் கீரைக்காரிகள் அதே பாலத்தில் கூடையோடு சளசளவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். காலடியில் என்ன தூங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.