குன்றிமணிப் பால்

"இலையைப் பறிச்சுப் பறிச்சே என் விரலெல்லாம் பச்சையாப் போச்சும்மா. விதையை எப்பத்தான் என் கையில தருவீங்க?"

கேட்டவர் பேச்சிமுத்து ஆசாரி. ஐம்பதைத் தாண்டியபின் நகைத் தொழிலை விட்டுவிட்டு மருந்து படிக்க வந்தவர். அவருடைய குரு உலகம்மாள் அவரைவிட இளையவர். அதில் ஆசாரிக்கு வெட்கம் ஏதுமில்லை. பொறுமைதான் இல்லை.

உலகம்மாள் வேலியில் படர்ந்திருந்த குன்றிமணிக் கொடியிலிருந்து ஓர் இணுக்கு இலையைக் கிள்ளி நீட்டினார்.

"மெல்லுங்க."

மென்றார்.

"எப்படி இருக்கு?"

"இனிக்குது."

"தொண்டை கட்டினவங்களுக்கு இது போதும். வேரைக் கஷாயம் வச்சா இருமலுக்கு ஆகும். அதிமதுரம் கிடைக்காத ஊர்ல இதுதான் அதிமதுரம். இன்னும் என்ன வேணும்?"

"விதை?"

"அது கொல்லும்."

"நஞ்சை எடுத்துச் சுத்தி பண்ணினா?"

"பண்ணினா, இழுத்துப்போன கை காலுக்கு மருந்து. பண்ணுறதுக்குப் பயம் வேணும், ஆசாரியாரே. உங்களுக்கு அது இன்னும் வரலை."

ஆசாரி சிரித்துக்கொண்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மணியைத் தராசில் போட்டுத் தங்கம் நிறுத்தவர். அள்ளி அள்ளிப் பழகிய கைக்கு அதனிடம் என்ன பயம்? எனக்கா தெரியாது என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு எந்தக் கொடியிலும் மருந்து கிடையாது.

ஒருநாள் உலகம்மாள் காய்ச்சல்காரர் ஒருவரைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். அன்றைக்கென்று பூரணம் வந்து நின்றாள். புருஷன் பனையேறி. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, படுத்த படுக்கை.

"சோத்தை நான்தான் ஊட்டுதேன். அவரு கண்ணுல தண்ணியா வடியுது. ஏதாவது குடுங்கய்யா."

அம்மா வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆசாரிக்கு அந்த வார்த்தை வரவில்லை. நாளைக்கு வா என்றார்.

சுத்தி செய்வதை அவர் எத்தனையோ முறை பக்கத்தில் இருந்து பார்த்தவர். விதையின் தோலை நீக்க வேண்டும். முளையைக் கிள்ளியெறிய வேண்டும். துணியில் முடிந்து பாலில் தொங்கவிட்டு அவிக்க வேண்டும். விதையின் நஞ்சு பாலில் இறங்கும். அந்தப் பாலை நாயும் காக்காயும் தொடாதபடி குழியில் ஊற்றி மூடி, மேலே முள் போட வேண்டும். பிறகு புதுப் பால், மறுபடி அவியல், வேறொரு குழி. அப்படியே மூன்றாவது முறையும்.

அது கடுங்கோடை. மாடு வற்றிப் போயிருந்தது. இருந்த பாலிலேயே ஆசாரி மறுபடி மறுபடி அவித்தார். விதை நன்றாக வெந்து குழைந்தது. கருப்பட்டி சேர்த்து அரைத்து, உருண்டை பிடித்து, பூரணத்திடம் கொடுத்தனுப்பினார். அவள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அவருக்கு வெகுநேரம் இனித்தது.

மறுநாள் காலையில் உலகம்மாள் திரும்பி வந்தார்.

"அம்மா, நானே சுத்தி பண்ணிட்டேன். மருந்தும் குடுத்தாச்சு."

உலகம்மாள் நேரே கொல்லைக்குப் போனார்.

"ஒரு குழிதானே இருக்கு?"

"பாலுக்கு எங்கம்மா போவேன்? அந்தப் பாலுலயே திரும்ப அவிச்சேன். மெழுகு மாதிரி வெந்துட்டு. ஒரு குறையும் இல்ல."

"குறை இல்லையா?"

"இல்லம்மா."

உலகம்மாள் உள்ளே வந்தார். மருந்தரைக்கும் கல்வத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தை விரலால் வழித்து வாய்க்குக் கொண்டுபோனார்.

ஆசாரி பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

தட்டிய தன் கையை ஆசாரி யாருடையதோ போலப் பார்த்தார்.

"யாருக்குக் குடுத்தீங்க?" என்றார் உலகம்மாள்.

அதற்குள் ஆசாரி வாசலைத் தாண்டியிருந்தார்.

செருப்பில்லாமல் தேரிக்காட்டு மணலில் ஓடினார். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார். அந்த மனுஷன் அதைத் தின்றிருக்கக் கூடாது, அது ஒன்று போதும், இனி அந்தக் கொடிப்பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று அழுதுகொண்டே ஓடினார்.

குடிசைக்குள் பனையேறி கட்டிலில் கிடந்தான். முகத்தில் மாற்றம் ஒன்றுமில்லை. ஆளைக் கண்டதும் நல்ல கையைத் தூக்கிக் கும்பிட முயன்றான். தலைமாட்டில் மருந்துப் பொட்டலம் கட்டு அவிழ்ந்து கிடந்தது.

"பூரணம்! அவனுக்குக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லைய்யா."

ஆசாரி கட்டிலருகே உட்கார்ந்தார். பொட்டலத்தை எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார்.

"தாயே, நல்லவேளை. என் வயித்துல பால வார்த்தே."

பூரணத்துக்குச் சங்கடமாகிவிட்டது.

"கோவிச்சுக்கிடாதீங்கய்யா. உங்களை நம்பாம இல்ல. அவரு படுத்ததுல இருந்து எதையும் நான் தின்னு பாக்காம அவரு வாயில வைக்க மாட்டேன். அதான் நேத்து சாயங்காலமே நான் ஒண்ணு தின்னேன்."

முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"விடிஞ்சதுல இருந்து வயித்தை லேசாப் புரட்டுது. மருந்துன்னா அப்படித்தானேய்யா இருக்கும்?"