ஏசி போட்ட தியான மண்டபம்

"அம்மா, மின்வாரியத்துல கேட்டு ஒரு லைன் இழுத்துடலாமா?"

கேட்கும்போதே சபேசனுக்குக் குரல் கம்மிவிட்டது.

கம்மாமல் என்ன செய்யும்? ஓய்வுபெற்ற கட்டட என்ஜினியர். ஆசிரமத்தின் புதிய தியான மண்டபத்தைச் சூரிய மின்சாரத்திலேயே நடத்திக் காட்டுவேன், ஒரு யூனிட் வெளியே வாங்கினாலும் இந்த இடத்தை விட்டே போய்விடுவேன் என்று நூறு பேர் முன்னால் மார்தட்டியவர். அன்று திறப்பு விழா. வேலூர் வெயில்.

குரு அருளம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சோலார் பேனல் போட்டீங்களே, ஐயா?"

"மாடியில முக்கால்வாசி இடத்துல, ஆள் உயரத்துக்கு மேல தூக்கிப் போட்டிருக்கேன். பத்தலைம்மா. எல்லாத்தையும் ஏசி தின்னுடுது."

"ஏசி எதுக்கு?"

"மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மத்தியானம் உள்ளே உட்கார முடியலை."

"கண்ணாடி எதுக்கு?"

"வெளிச்சத்துக்கு."

"பகல்லயே விளக்கு எரியுதே?"

சபேசன் தலையைச் சொறிந்தார்.

"கண்ணு கூசுதுன்னு திரை போட்டிருக்கும்மா."

அருளம்மா சட்டென்று கீரைப் பக்கம் குனிந்தார். சிரிப்பை மறைக்கத்தான் இருக்கும்.

"அந்த லைன் விஷயம்..."

"சாயங்காலம் பேசலாம்."

பிற்பகல் இரண்டு மணிக்கு ஏசி நின்றது. கண்ணாடியில் திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. குளிர்ச்சி வெளியே போய்விடும் அல்லவா! வந்தவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள்.

மேடையில் அருளம்மாவைக் காணோம்.

சபேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மானம் போனது போதாதென்று குருவும் கோபித்துக்கொண்டு போய்விட்டாரா? சமையல்கட்டில் தேடினார். கிணற்றடியில் தேடினார். கடைசியில் மாடிக்கு ஓடினார்.

பேனல்களின் நிழலில் பாய் விரித்து, அருளம்மா கண்மூடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் சமையல்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வாட்ச்மேன். தோப்பிலிருந்து காற்று ஜிலுஜிலுவென்று வந்தது.

"அம்மா, மண்டபம் கீழே இருக்கு!"

அவர் சற்று நகர்ந்து, பாயில் இடம் விட்டார்.

சபேசன் உட்கார்ந்தார். சட்டை காய்ந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. கீழேயிருந்து ஒவ்வொருவராகப் படியேறி வந்து, சத்தமில்லாமல் உட்கார ஆரம்பித்தார்கள்.

"இன்னும் நாலு பேனல் வாங்கிடுங்க, ஐயா" என்றார் அருளம்மா, கண்ணைத் திறக்காமல்.

சபேசனுக்கு உயிர் வந்தது.

"ஏசிக்குத்தானேம்மா?"

"சமையல்காரர் கால்ல வெயில் அடிக்குது."