நல்வாக்கு சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது

அந்த மலையடிவார மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நோயில் படுத்தவரைப் பார்க்கப் போகிறவர் ஒரு நல்வாக்கு சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. அதைக் கேட்ட நோயாளி “அப்படியே ஆகட்டும்” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் வாக்கு பலிக்குமாம்.

இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஒருநாள்கூட நோயில் படுத்தவராக இருந்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

மடத்துச் சீடர் ஆவுடையப்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மடத்து வேனில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் ஊசி குத்திக்கொண்டு, மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். உடம்போடு நின்றிருந்தால் எப்படியோ சமாளித்திருப்பார். மனசும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. பல் தேய்க்க எழுந்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. பந்தியில் ஊரிலுள்ள அத்தனை பேர் குரலிலும் பேசிக் காட்டி, பக்கத்து இலைக்காரருக்குப் புரையேற வைத்த மனிதர், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.

பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் குறைவே இல்லை. கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் கூடை கூடையாக இளநீர் கொண்டுவந்து இறக்கினார். இதைக் குடித்தால் கிட்னி கழுவிவிட்டது போல ஆகிவிடும் என்றார். இளநீர் இந்த உடம்புக்கு ஆகவே ஆகாது, நெஞ்சு நின்றுபோகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆவுடையப்பன் என்ன செய்வார்? அப்படியே ஆகட்டும் என்றார்.

சென்னையிலிருந்து வந்த அம்மாள் ஒருவர், நினைத்தால்தான் நோய், நினைக்காவிட்டால் நோயே கிடையாது என்றார். அப்படியே ஆகட்டும். சமையல்காரருக்குத் தெரிந்த யாரோ ஒருவர் வாழைத்தண்டுச் சாறு குடித்தே குணமாகி, இப்போது மரம் ஏறுகிறாராம். எந்த ஊர், என்ன பேர் என்றால் தெரியாது. அதுவும் ஆகட்டும்.

மூத்த சீடர் சட்டநாதர் ஒரு படி மேலே போனார். மனம் சோர்வது தியான சாதனை குறைந்துபோனதன் அடையாளம் என்று தீர்ப்பு சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்து, உயரத்துப் பலகையில் திருநீற்றுப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துவிட்டார். மடத்துச் சீடன் மனசுக்கு மாத்திரை தின்கிறான் என்று வெளியே தெரிந்தால் மடத்தின் மானம் என்ன ஆவது? அதற்கும் ஆவுடையப்பன்தான் அப்படியே ஆகட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

போன தடவை வேன் வந்தபோது, வயிற்று வலி என்று போகாமல் படுத்துக்கொண்டார். இன்று காலை மறுபடியும் வேன் வந்து முற்றத்தில் நிற்கிறது. கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது. இன்றைக்கும் போகாவிட்டால் அடுத்த தடவை கூட்டிப் போக அவர் உயிரோடு இருக்க மாட்டார். அது ஆவுடையப்பனுக்கும் தெரியும், வேன் ஓட்டும் இசக்கிக்கும் தெரியும். ஹாரன் அடிக்க மனம் வராமல், துடைத்த கண்ணாடியையே இசக்கி திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் குரு பொன்னம்மை வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். ஆவுடையப்பனைவிட வயதில் ரொம்பச் சின்னவர். குருவானாலும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். காலில் புழுதிகூடக் கழுவாமல் நேரே அறைக்குள் வந்து, தரையில் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தபடியே காத்திருந்தார். மற்றவர்கள் வாக்கே இப்படி என்றால், குருவின் வாக்கு இன்னும் பெரிதாக இருக்கும். அப்படியே ஆகட்டும் என்பதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தார். வாக்கு வருகிற வழியைக் காணோம்.

“சொல்லிட்டுக் கிளம்புங்கம்மா.”

“எங்கிட்ட ஒண்ணும் இல்ல அண்ணாச்சி.”

“நல்வாக்கு சொல்லாம எழுந்திருக்கக் கூடாதே.”

“அதான் உக்காந்திருக்கேன்.”

சட்டநாதர் வாசலில் வந்து தொண்டையைச் செருமினார். கூடத்தில் ஜனம் காத்திருப்பதாக ஞாபகப்படுத்தினார். பொன்னம்மை அவரிடம், டாக்டர் கொடுத்த மாத்திரை எங்கே என்று கேட்டார். சட்டநாதர் பெருமையாகவே பலகையைக் காட்டினார்.

“மனசுக்கு எதுக்கும்மா மருந்து? தியானம் போதாதா?”

“சரிதான். உங்க மூக்குக் கண்ணாடியையும் கழற்றி அதே பலகையில வைங்க. கண்ணுக்கும் தியானம் போதும். வச்சிட்டு அந்த மாத்திரையை எடுத்துக் குடுங்க.”

குரு சொல்லைத் தட்ட முடியுமா? சட்டநாதர் முக்காலியில் ஏறிக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு தடவ ஆரம்பித்தார். முதலில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் வந்தது. அடுத்து சாம்பிராணி. அப்புறம் இன்னொரு பொட்டலம் அவிழ்ந்து தலையோடு கொட்டியது. ஒருவழியாக மாத்திரை அட்டை கைக்கு வந்தபோது, மனிதர் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றார்.

“கண்ணாடியை எடுத்துக்கிடலாமாம்மா?”

“அண்ணாச்சி முழுங்கட்டும்.”

ஆவுடையப்பன் ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஏதோ ஒன்று வந்ததே! கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

“உங்ககிட்ட வாக்கு இல்லைன்னா என்ன? எங்கிட்ட மூட்டை மூட்டையாக் கெடக்கு. பிடிச்சுக்கோங்க,” என்றவர், மில்காரரின் குரலை எடுத்தார். “ஏனுங்க, எளநியக் குடிச்சுப்போட்டுப் படுத்தீங்கன்னா, விடியறதுக்குள்ள கிட்னி புதுசாயிருமுங்க.”

“நீங்களே குடிங்க,” என்றார் பொன்னம்மை.

சென்னை அம்மாளின் குரல் மூக்கு வழியாக வந்தது. “பாசிட்டிவா இருங்க சார். எல்லாம் மைண்டுதான்.”

“உங்களுக்குப் பல்லு வலிக்கும்போது சொல்லி அனுப்புங்க. வந்து இதையே சொல்லுதேன்.”

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ம்க்கும். குருவோட காலடியில இத்தனை வருசம் உக்காந்தவனுக்குச் சோர்வு வரலாமாவே? உம்மகிட்ட எங்கேயோ ஓட்டை இருக்கு.”

கண்ணாடி இல்லாத சட்டநாதர், பேசியது தான்தானோ என்று வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆவுடையப்பனுக்கு அடுத்த குரல் எழவில்லை. அவருடைய சொந்தக் குரல்தான் வந்தது.

“அது நெசந்தானேம்மா? இத்தனை வருசம் உங்ககிட்டப் பாடம் கேட்டும் இப்படிக் கெடக்கேனே. நான் என்னத்தைப் படிச்சேன்?”

“பாடம் கேட்டது நீங்க. உங்க கிட்னி வந்து கேக்கலியே.”

“மனசு கேட்டுதே?”

“கேட்டுது. அந்த மனசுக்குத்தான் இப்ப நோவு.”

ஆவுடையப்பன் தன் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு உயிரோட இருக்கணும்னே தோணலம்மா. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, அதுக்கும் ஒரு வாக்கைத் தூக்கிட்டு வருவாங்க.”

“டாக்டர்கிட்ட?”

“சொல்லல.”

“இன்னைக்குச் சொல்லுவோம். நானும் கூட இருக்கேன்.”

“வாரேன்னு நான் சொல்லலியே.” குரலில் மறுபடியும் சூடு ஏறியது. “ஆசையே இல்லாதவன் எதுக்கும்மா வண்டி ஏறணும்?”

“அந்த மிஷின் உங்க ஆசையையா கேக்குது? கையைத்தானே கேக்குது. அதை மட்டும் கொண்டு வாங்க.”

ஆவுடையப்பன் ஊசித் தழும்பேறிய கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு காலாகத் தரையில் இறக்கினார். செருப்பு நுழையவில்லை. காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

“சிரிச்ச முகமா எல்லாம் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“சிரிச்சீங்கன்னா பாதி வழியில இறக்கி விட்டுருவேன்,” என்றார் பொன்னம்மை.