அவர் உங்களுக்கு யார்?

"எல்லாத்துக்கும் 'என்' வருது டீச்சர். மனைவிக்கு மட்டும் வர மாட்டேங்குது" என்றார் அற்புதராஜ்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறை. ஜெர்மன் வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். சீடருக்கு நாற்பத்தெட்டு வயது. ஆசிரியை முபீனாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

"சொல்லுங்க பாப்போம். என் சைக்கிள்."

ஜெர்மனில் சொன்னார். சரி.

"என் வீடு."

அதுவும் சரி.

"என் மனைவி."

சைக்கிளுக்குச் சொன்ன அதே 'என்' வந்தது.

"இங்கிலீஷ்ல ஒரே 'மை'யை எது முன்னாடியும் நிறுத்திடலாம். இங்க, எதைச் சொந்தம்னு சொல்றீங்களோ அதுக்குத் தக்க உங்க 'என்' மாறணும். சைக்கிளும் உங்க வீட்டு அக்காவும் ஒண்ணுன்னா, அக்கா சும்மா விடுவாங்களா சார்?"

அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை தேர்வு. தேறினால்தான் விசா. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் மனைவி ஜெபமலரிடம் போக முடியும். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார்.

"விதி தெரியும் டீச்சர். எழுதச் சொன்னா எழுதிருவேன். வாயால சொல்லத்தான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கான்னு."

முபீனா புத்தகத்தை மூடி வைத்தாள்.

"போன புதுசுல தினமும் அழுவா. இப்போ 'டியூட்டி, அப்புறம் பேசுதேன்'னு வெச்சிருதா. போட்டோவுல ஏதோ ஏரிக்கரையில சிரிச்சிக்கிட்டு நிக்கா. பக்கத்துல நிக்கவங்க யாருன்னே எனக்குத் தெரியல. அவ இன்னும் என் பொண்டாட்டிதானான்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்க?"

முபீனா கையை நீட்டினாள்.

"போனைக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்க சார்."

ஜெபமலரின் பெயரைத் தேடி அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஐயோ, வேண்டாம் டீச்சர். வேலை நேரம். திட்டுவா..."

"டியூட்டியில இருக்கேன்லா?" என்றது போன், சலிப்புடன்.

முபீனா ஜெர்மனில் பேசினாள். அலுவலகக் குரல்.

"இங்கே அற்புதராஜ் என்று ஒருவர் இருக்கிறார். அவர் உங்களுக்கு யார்?"

அந்தப் பக்கம் ஏதோ கைதவறிக் கீழே விழுந்து உருண்டது.

"என் கணவர்." ஜெர்மனில்தான் வந்தது. "என் கணவர் அவர்."

பிறகு தமிழில், மூச்சு வாங்க, "யாருங்க நீங்க? என்னாச்சு அவங்களுக்கு? எங்க அவங்க? அவங்ககிட்ட கொடுங்க!"

அற்புதராஜ் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க சார்" என்றாள் முபீனா. "உங்களைத்தான் கேக்கறாங்க."